ரங்கூன் கடைக்காரர் ஏற்றித் தந்த எழுத்து

ரங்கூன் என்று நாம் பழகிய யாங்கோனில் 2000களின் பிற்பகுதியில் புதிதாகக் கணினி வாங்கியவர் கடையை விட்டு வெளியே வருவதற்குள் இரண்டு காரியங்கள் முடிந்திருக்கும். கடைப் பையன் குறுவட்டைச் செருகி விண்டோஸ் ஏற்றிவிடுவான். பிறகு பர்மிய மொழியில் படிக்கவும் தட்டச்சு செய்யவும் ஓர் எழுத்துருவைப் போட்டுத் தருவான். அந்த எழுத்துருவின் பெயர் ஸாஜி. பர்மிய நாட்டுப்புறக் கதைகளிலும் பொம்மலாட்டத்திலும் கையில் மந்திரக்கோலோடு வரும் ரசவாதியை அப்படித்தான் அழைப்பார்கள். நம்மூர்ச் சித்தருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம். வாங்கியவர் யாரும் ஸாஜிதான் வேண்டும் என்று கேட்டதில்லை. கடைக்காரர் போட்டார், இவர் பயன்படுத்தினார்.

இந்தச் சின்ன விஷயத்தைச் சரிசெய்ய ஒரு நாடே தேதி குறிக்க வேண்டியிருந்தது. 2019 அக்டோபர் 1 ஆம் நாளை மியான்மர் அரசு 'யு டே' என்று அறிவித்தது. யு என்றால் யூனிகோடு. அன்று முதல் அரசு அலுவலகங்களும் ஊடகங்களும் தொலைபேசி நிறுவனங்களும் ஸாஜியைக் கைவிட்டு உலகத் தரத்துக்கு மாற வேண்டும் என்பது ஏற்பாடு. அதுவரை ஒரே மொழி பேசும் இரண்டு பேர் ஒரே ஊரில் இருந்துகொண்டு ஒருவர் அனுப்பிய செய்தியை மற்றவர் படிக்க முடியாமல் தவித்தார்கள். ஒருவர் கணினியில் எழுத்தாகத் தெரிந்தது இன்னொருவர் திரையில் சிதறிய குறிகளாக வந்து நின்றது.

கணினிகளில் இயங்குதளத்தை எப்படி ஏற்றுவது, ஒவ்வொன்றாகக் கையால் போடுவதா, சர்வரிலிருந்து நெட்வொர்க் வழியாக ஒரே வீச்சில் ஏற்றுவதா என்ற கேள்வி இதுவரை கணினிக்காரர்களின் அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தது. அதைப் பொதுமக்கள் பேச வேண்டிய விஷயமாக ஆக்குவது இந்த ஸாஜி கதைதான். நூறு கணினிகளுக்கும் ஆயிரம் கணினிகளுக்கும் நகல் போகிற அந்த மூலப் பிரதியை, கணினிக்காரர்கள் 'மாஸ்டர் இமேஜ்' என்று சொல்வதை, யார் தயாரிக்கிறார், அதற்குள் என்ன வைக்கிறார் என்பதில் ஒரு மொழியின் தலையெழுத்தே இருக்கிறது. பள்ளிக்கும் அரசு அலுவலகத்துக்கும் கணினி வாங்கும்போது ரேம் எத்தனை, ஹார்ட் டிஸ்க் எத்தனை என்று விசாரிப்பவர்கள், இதைக் கேட்காமல் விடுகிறார்கள்.

யாங்கோனில் ஏன் ஸாஜி வென்றது? யூனிகோடு அமைப்பு பர்மிய எழுத்துகளை 1999 இலேயே தன் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனால், பட்டியலில் இடம் கிடைப்பது வேறு, கணினியில் கிடைப்பது வேறு. பர்மிய எழுத்துகளை யூனிகோடு கையாளும் முறையே 2008 இல் வந்த 5.1 பதிப்பில்தான் முழுதாகச் சீரமைக்கப்பட்டது. விண்டோஸோ தன் சொந்தப் பர்மிய எழுத்துருவோடு வந்தது 2012 இல், விண்டோஸ் 8 வெளியானபோது. அதற்குமுன் கடைக்காரர் ஏற்றிய எக்ஸ்பியிலும் விண்டோஸ் 7 இலும் அந்த மொழிக்கு இடமே இல்லை. காலியாகக் கிடந்த இடத்தில் ஸாஜி வந்து உட்கார்ந்தது. சுளுவாக வேலை செய்தது. எதையும் மாற்றி அமைக்க வேண்டாம். போட்டவுடன் எழுத்து தெரியும். வேறென்ன வேண்டும் கடைக்காரருக்கு?

அதன் குறை உள்ளே இருந்தது. பழைய தமிழ்த் தட்டச்சு முறைகளில் 'கெ' எழுத முதலில் கொம்பைத் தட்டுவோம், பிறகு ககரத்தைத் தட்டுவோம். கணினியும் அதே வரிசையில் சேமித்து வைக்கும். யூனிகோடில் ககரம் முதலில், கொம்பு பிறகு. திரையில் இடம் மாற்றிக் காட்டுவது கணினியின் வேலை. பர்மிய எழுத்திலும் அதே மாதிரி மெய்க்கு முன்னால் எழுதப்படும் ஓர் உயிர்க்குறி உண்டு. ஸாஜி அதைக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே சேமித்தது. ஒரே எழுத்தின் வெவ்வேறு வடிவங்களுக்குத் தனித்தனி எண்கள் கொடுத்தது. அந்த எண்களுக்கு இடம் எங்கே? மொன், ஷான், கரென் மொழிகளின் எழுத்துகளுக்கு யூனிகோடு ஒதுக்கியிருந்த அறைகளை எடுத்துக்கொண்டது. பெரும்பான்மை மொழிக்குக் கடைக்காரர் செய்துகொடுத்த வசதி, சிறுபான்மை மொழிகளின் வீட்டைப் பூட்டிவிட்டது. ஷான் மொழியில் எழுதியது ஸாஜி போட்ட கணினியில் பர்மியக் குப்பையாகத் தெரியும். யாரும் திட்டமிட்டுச் செய்த அநீதி இல்லை இது. நகல் எடுக்க எடுக்கப் பெருகிய அநீதி.

2014 இல் இந்த நகலெடுப்பு வேறு வேகம் எடுத்தது. அதுவரை சிம் கார்டு வாங்குவதே பணக்காரர் சமாச்சாரம். ஒரு காலத்தில் ஆயிரம் டாலருக்கு மேல் விற்ற பொருள். அந்த ஆண்டு ஊரிடூ, டெலினார் ஆகிய வெளிநாட்டு நிறுவனங்கள் 1,500 கியாட்டுக்கு சிம் விற்கத் தொடங்கின. கோடிக்கணக்கானோர் முதல்முதலாக இணையத்தைப் பார்த்தது கைப்பேசியில்தான், அதுவும் பெரும்பாலும் ஸாஜி எழுத்தில்தான்.

இனி நெட்வொர்க் பக்கம் வருவோம். இயங்குதளத்தைக் கம்பி வழியாக ஏற்றுவது புது மந்திரம் அல்ல. வட்டே இல்லாத கணினி, பக்கத்திலுள்ள சர்வரிடம் தன் இயங்குதளத்தைக் கேட்டு வாங்கி எழுந்திருக்கும் வழிமுறை 1980களிலேயே எழுதி வைக்கப்பட்டுவிட்டது. இன்று கடையில் கிடைக்கும் கிட்டத்தட்ட எல்லா மேசைக் கணினியிலும் அந்த வசதி தூங்கிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிஎக்ஸ்இ என்று பெயர். இன்டெல் நிறுவனம் அதன் 2.1 பதிப்பை வெளியிட்டது 1999 செப்டம்பரில். யூனிகோடு பர்மிய எழுத்தைச் சேர்த்துக்கொண்ட அதே ஆண்டு.

அது நடக்கும் விதம் ஏறக்குறைய ஊருக்குப் புதிதாக வந்தவர் பேருந்து நிலையத்தில் நின்று கூவுவது மாதிரி. கணினியை முடுக்கியதும் அதன் நெட்வொர்க் கார்டு, வட்டைத் தேடாமல், "இங்கே யாராவது இருக்கிறீர்களா, எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்" என்று கம்பி முழுவதும் கேட்கும்படி குரல் கொடுக்கிறது. டிஎச்சிபி சர்வர் முகவரியைக் கொடுக்கிறது; கூடவே, "நீ எழுந்திருக்கத் தேவையான கோப்பு இன்ன சர்வரில் இன்ன பெயரில் இருக்கிறது" என்றும் சொல்கிறது. கணினி அங்கே போய் அந்தச் சின்னக் கோப்பை டிஎஃப்டிபி என்ற பழைய முறையில் வாங்குகிறது. ஒருமுறைக்கு 512 பைட். வாங்கியதும் "வந்தது" என்று சொன்னால்தான் அடுத்த 512 பைட் வரும். பொறுமையான, கொஞ்சம் மந்தமான முறை. சின்னக் கோப்புக்குப் போதும். பெரிய இமேஜை இழுக்க வேறு வேகமான வழிகள் இருக்கின்றன.

வேகத்தின் ரகசியம் பந்தியில் இருக்கிறது. கல்யாண வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அடுப்படியிலிருந்து சாப்பாடு கொண்டுவந்தால் என்ன ஆகும்? எல்லாரும் உட்காரும்வரை காத்திருந்து, ஒரே நடையில் பரிமாறிக்கொண்டு போவதுதான் பந்தி. கணினி உலகில் அதை மல்டிகாஸ்ட் என்கிறார்கள். தைவானின் உயர்திறன் கணிப்பு மையம் உருவாக்கிய குளோன்ஸில்லா என்ற கட்டற்ற மென்பொருள், 5.6 ஜிபி அளவுள்ள ஓர் இமேஜை 41 கணினிகளுக்கு மல்டிகாஸ்டில் சுமார் 10 நிமிடத்தில் ஏற்றியதாக அதன் உருவாக்குநர்களே பதிவு செய்திருக்கிறார்கள். அதே 41 நகல்களையும் பழைய 100 மெகாபிட் சுவிட்ச் ஒன்றின் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினால், கணக்குப்படி ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். பென் டிரைவோடு 41 கணினிக்கும் ஒருவர் நடந்தால் எவ்வளவு நேரம் என்பதை, கல்லூரி லேபில் வேலை பார்த்தவர்கள் வாயாலேயே கேட்டுக்கொள்ளலாம்.

நேரம் மிச்சமாவது நல்லதுதான். ஆனால், அதைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. கையால் ஒவ்வொன்றாக ஏற்றினால் நாற்பத்தொரு கணினியும் நாற்பத்தொரு மாதிரி இருக்கும். ஒன்றில் ஸாஜி இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ஒன்றில் பாதுகாப்புத் திருத்தம் விட்டுப்போயிருக்கும். 2017 மே மாதம் உலகைக் கலக்கிய வான்னாகிரை நச்சுநிரல் நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே திருத்தம் வெளியிட்டுவிட்டது. இரண்டு மாத அவகாசம் கிடைத்தும் ஏற்றாமல் விட்ட கணினிகள்தான் பெருமளவில் மாட்டின. ஒரே மூலப் பிரதியிலிருந்து வந்த கணினிகளுக்கு, பிரதியைத் திருத்திவிட்டு ஓர் இரவில் எல்லாவற்றையும் புதுப்பிக்க முடியும். ஸாஜியிலிருந்து யூனிகோடுக்கு மாறியதும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். நடந்திருந்தால் 'யு டே' என்று ஒன்று தேவைப்பட்டிருக்காது.

ஏன் நடக்கவில்லை என்பதற்கு யாங்கோனின் வரலாறு பதில் சொல்கிறது. கணினி அந்த நகருக்குத் தாமதமாக வந்தது என்று யாராவது நினைத்தால் தவறு. 1971 இலேயே அங்கே பல்கலைக்கழகங்களுக்கான கணினி மையம் தொடங்கப்பட்டது. ஐநா வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு பிரிட்டனின் ஐசிஎல் 1902எஸ் கணினி வந்து இறங்கியது. ஒரே பெரிய இயந்திரத்தில் பலரும் வேலை செய்யும் காலம் அது. இன்றைய யாங்கோன் கணினிப் பல்கலைக்கழகத்தின் வேர் அந்த மையத்தில்தான் இருக்கிறது. ஆள் இருந்தார்கள், அறிவு இருந்தது. 1996 செப்டம்பரில் ராணுவ அரசு கணினி அறிவியல் மேம்பாட்டுச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பெயரில் மேம்பாடு, உள்ளே வேறு சங்கதி. அமைச்சகத்தின் முன் அனுமதி இல்லாமல் குறிப்பிட்ட வகைக் கணினிகளை இறக்குமதி செய்தாலோ வைத்திருந்தாலோ, அனுமதியின்றிக் கணினி வலையமைப்பு அமைத்தாலோ, அப்படி ஒன்றோடு இணைந்தாலோ 7 முதல் 15 ஆண்டுகள் வரை சிறை. நான்கு கணினிகளை ஒரு கம்பியில் கோப்பதற்கு முன் ஒருவர் சட்டப் புத்தகத்தைப் புரட்ட வேண்டிய ஊரில், நெட்வொர்க் வழியாக இயங்குதளம் ஏற்றும் பழக்கம் எங்கிருந்து வளரும்? கடைப் பையனின் குறுவட்டுதான் பத்திரம்.

பிறகு இணைய மையங்கள் வந்தன. அவற்றின்மீதும் கண் இருந்தது. பயனர்களின் திரையை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுத்துச் சேமித்து அதிகாரிகளிடம் ஒப்படைக்க மைய உரிமையாளர்கள் பணிக்கப்பட்டதாக இணையச் சுதந்திர ஆய்வமைப்புகள் அப்போதே எழுதின. 2007 இல் துறவிகள் தெருவில் இறங்கிய காவிப் புரட்சியின்போது, செப்டம்பர் இறுதியில் நாட்டின் இணையமே துண்டிக்கப்பட்டது. 2021 பிப்ரவரி 1 ராணுவப் புரட்சிக்குப் பிறகு அது பழக்கமாகவே ஆனது. பிப்ரவரி நடுவிலிருந்து இரவு 1 மணிக்கு இணையம் போய்விடும், காலையில் வரும். மார்ச் 15 முதல் கைப்பேசித் தரவு நின்றது. ஏப்ரல் 2 அன்று கம்பியில்லா அகலப்பட்டையும் போனது.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தை விலக்கியாக வேண்டும். "இணையமே ஒழுங்காக இல்லாத ஊரில் நெட்வொர்க் வழியாக ஏற்றுவதா?" என்று கேட்பவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். சர்வர், சுவிட்ச், கேபிள், கணினிகள், இவ்வளவுதான் இங்கே நெட்வொர்க். எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. வெளியிலிருந்து ஒரு பைட்கூட வரத் தேவையில்லை. இணையம் இருக்கும் நாளில் புது இமேஜையும் திருத்தங்களையும் ஒரே ஒருமுறை இறக்கி சர்வரில் வைத்துக்கொண்டால், மறுநாள் கோபுரங்கள் எல்லாம் அணைந்தாலும் லேபில் உள்ள எல்லாக் கணினிகளையும் புதிதாக்கலாம். சொல்லப்போனால், இந்த முறையின் அருமை முழுதாகத் தெரிவது இணையம் நம்ப முடியாத ஊரில்தான். பெங்களூருவில் ஒரு நிறுவனம் ஒவ்வொரு கணினியையும் நேரடியாக மேகத்திலிருந்து அமைத்துக்கொள்ளட்டும். யாங்கோனின் பள்ளிக்கும், ஏன், நம்மூர் மலைக்கிராமப் பள்ளிக்கும், மூலையில் நிற்கும் ஒரு சர்வர்தான் கைகொடுக்கும்.

மின்சாரம்தான் மெய்யான எதிரி. அண்மை ஆண்டுகளில் யாங்கோன் முறைவைத்து விளக்கெரியும் நகரமாகிவிட்டது. நான்கு மணி நேரம் இருந்தால் நான்கு மணி நேரம் இருக்காது, கோடையில் அதுவும் இல்லை. வட்டை அழித்துவிட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், கணினி பழையதும் இல்லாமல் புதியதும் இல்லாமல் திரிசங்கு நிலையில் நிற்கும். ஆனால், இங்கேயும் ஒரே வீச்சில் ஏற்றும் முறைக்குத்தான் சாதகம் அதிகம். நாள் முழுக்கச் செய்யும் வேலையை நான்கு மணி நேரச் சாளரத்துக்குள் அடைக்க முடியாது. பத்து இருபது நிமிட வேலையை அடைக்கலாம். பாதியில் நின்றாலும் குடி முழுகிவிடாது, மறுபடி முடுக்கினால் சர்வர் முதலிலிருந்து கொடுக்கும். யூபிஎஸ் ஒன்றே ஒன்று வாங்கக் காசிருந்தால் அதை சர்வருக்கும் சுவிட்சுக்கும் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

கரண்ட் கட் சில சமயம் சாமியாகவும் வரும். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற நச்சுநிரல் டென்மார்க்கின் மாபெரும் கப்பல் நிறுவனமான மேர்ஸ்க்கை முடக்கியது. பயனர் கணக்குகளையெல்லாம் காக்கும் அதன் டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் உலகெங்கும் ஒன்றையொன்று நகலெடுத்து வைத்திருந்தன. எல்லாம் ஒரே நேரத்தில் அழிந்தன. ஒன்றே ஒன்று தப்பியது. கானா நாட்டு அலுவலகத்தில் இருந்தது அது. தாக்குதல் நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை. அந்த ஒற்றைப் பிரதியைப் பொன்போல எடுத்துவந்துதான் மீட்பு வேலை தொடங்கியது. பத்து நாளில் 4,000 சர்வர்களும் 45,000 கணினிகளும் புதிதாக நிறுவப்பட்டதாக நிறுவனத் தலைவர் ஜிம் ஹேகமன் ஸ்னாபே 2018 இல் டாவோஸ் கூட்டத்தில் சொன்னார். 45,000 கணினிகளைப் பத்து நாளில் எழுப்புவது குறுவட்டுக் கணக்கில் வருகிற வேலை அல்ல.

2024 ஜூலை 19 சம்பவம் இன்னும் அருகில் நடந்தது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பு ஒன்று, மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. கையால் எழுதிய போர்டிங் பாஸோடு இந்திய விமான நிலையங்களில் பயணிகள் நின்ற படங்கள் நினைவிருக்கும். ஒவ்வொரு கணினியிடமும் ஆள் போய்ச் சரிசெய்ய வேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்ட் மீட்புக் கருவி ஒன்றை வெளியிட்டது. முதலில் பென் டிரைவ் வழியாக, சில நாளில் பிஎக்ஸ்இ வழியாகவும். அந்த இரண்டாவது வழியைப் பயன்படுத்த, சர்வரும் பழகிய ஆளும் முன்பே இருந்திருக்க வேண்டும்.

எல்லாம் நல்லது என்றால் தயக்கம் எதற்கு என்று கேட்கலாம். தயக்கத்துக்கு நியாயம் உண்டு. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் 2014 மே மாதம் விண்டோஸ் 7 இமேஜ் ஒன்று தவறுதலாக அங்கிருந்த விண்டோஸ் கணினிகள் அனைத்துக்கும் அனுப்பப்பட்டது. மேசைக் கணினி, மடிக்கணினி, சர்வர் என்ற வேறுபாடே இல்லை. அந்த வேலையின் முதல் படி, வட்டை ஃபார்மட் செய்வது. நிலைமை புரிவதற்குள், இமேஜை அனுப்பிக்கொண்டிருந்த சர்வரே தன்னையும் அழித்துக்கொண்டது. பஸ்மாசுரன் கதையைப் படித்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அன்று அங்கே வேலை பார்த்தவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள். ஒரு கையில் இவ்வளவு அதிகாரம் இருக்கிறதென்றால் அந்தக் கை நடுங்கும்போது சேதமும் அவ்வளவு.

அதைவிடக் கவலைக்குரிய இன்னொன்று பிஎக்ஸ்இயின் பிறவியிலேயே இருக்கிறது. பேருந்து நிலையத்தில் கூவியவர், முதலில் யார் பதில் சொன்னாலும் நம்பிவிடுகிறார். பதில் சொல்பவர் உண்மையான சர்வர்தானா என்று கேட்டறியும் ஏற்பாடு 1999 வடிவத்தில் இல்லை. பின்னால் வந்த செக்யூர் பூட், தொடக்கக் கோப்பில் நம்பகமான கையொப்பம் இருக்கிறதா என்று பார்க்கிறது, ஓரளவு பாதுகாப்பு. ஆனால், கையொப்பம் சரியாக இருந்தும் இமேஜுக்குள்ளேயே வேண்டாததை வைத்திருந்தால்? சீன அரசு 2009 இல் அதைச் செய்யப் பார்த்தது. ஜூலை 1 முதல் விற்கப்படும் எல்லாக் கணினிகளோடும் 'கிரீன் டேம்' என்ற வடிகட்டி மென்பொருள் தரப்பட வேண்டும் என்று உத்தரவிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் முந்தைய நாள் மாலை தள்ளிவைத்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு திரைப்பிடிப்பு கேட்ட மியான்மரில், எல்லா லேப்களுக்கும் ஒரே இமேஜ் அரசிடமிருந்தே வரும் என்றால் மக்கள் நடுங்காமல் என்ன செய்வார்கள்? 2025 புத்தாண்டு அன்று ராணுவ அரசு இயற்றிய இணையப் பாதுகாப்புச் சட்டம், அனுமதி இல்லாமல் விபிஎன் சேவை தருவதையே குற்றமாக்கியிருக்கிறது.

ஆக, மூலப் பிரதி ஒன்றாக இருக்கலாம்; அது மூடிய பெட்டியாக இருக்கக் கூடாது. அதற்குள் என்னென்ன மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு, எந்த விசைப்பலகை என்ற பட்டியல் லேப் சுவரில் ஒட்டும் அளவுக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும். கோப்பின் சரிபார்ப்பு எண்ணை வெளியிட்டால், தன்னிடம் வந்தது அசல்தானா என்று எந்தப் பள்ளியும் தானே ஒப்பிட்டுப் பார்க்கலாம். லினக்ஸ் உலகில் இது அன்றாடப் பழக்கம்.

தமிழ் வாசகருக்கு இந்தக் கதை தூரத்துக் கதை அல்ல. ரங்கூனின் நடுவே, இன்றைய அனாவ்ரதா சாலையில், தமிழர்கள் 1871 இல் எழுப்பிய காளி கோயில் நிற்கிறது. 1960களில் ராணுவத் தலைவர் நெ வின் ஆட்சியில் கடைகள் நாட்டுடைமையானபோது கப்பலேறி வந்தவர்களுக்காகச் சென்னைப் பாரிமுனை அருகே உருவானதுதான் பர்மா பஜார். வெளிநாட்டு ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் விற்ற அந்தத் தெரு பின்னாளில் குறுவட்டுகளுக்குப் பெயர் பெற்றது. யாங்கோன் கடைப் பையன் கையிலிருந்தது போன்ற குறுவட்டு அங்கேயும் கிடைத்தது.

எழுத்துக் குழப்பமும் பொதுவானது. தமிழில் பாமினி, வானவில், தாம், தாப், திஸ்கி என்று ஆளுக்கொரு குறியீடு வைத்துக்கொண்டு, ஒரு பத்திரிகை அலுவலகக் கோப்பு இன்னொன்றில் திறக்காமல் திண்டாடிய காலம் மறந்திருக்காது. 1999 இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு தமிழ்99 விசைப்பலகையைத் தந்தது. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி, தமிழக அரசு யூனிகோடை ஆணையாக்கியது. நமக்கு வாய்த்த நல்லூழ், விண்டோஸ் 2000 காலத்திலேயே தமிழுக்கு யூனிகோடு எழுத்துரு வந்துவிட்டது. பர்மியருக்குப் பன்னிரண்டு ஆண்டு தாமதம். அந்தப் பன்னிரண்டு ஆண்டில் ஸாஜி வேர்விட்டது.

ஆனாலும் தமிழ்99 இன்னும் எத்தனை பள்ளிக் கணினிகளில் தானாகவே இயங்கும் நிலையில் இருக்கிறது? விண்டோஸும் லினக்ஸும் அதைத் தருகின்றன. யாராவது அமைப்புகளுக்குள் போய்ச் சேர்க்க வேண்டும். அந்த 'யாராவது' நாற்பது கணினிக்கும் நாற்பது முறை போக மாட்டார். மூலப் பிரதியில் ஒருமுறை வைத்தால் போதும். பக்கத்து மாநிலம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. கேரளத்தின் கைட் நிறுவனம், உபுண்டு 18.04 அடிப்படையில் பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸைத் தொகுத்து 2019 இல் வெளியிட்டது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளை மனதில் வைத்துச் செய்த தொகுப்பு. பாடத்திட்டத்துக்கு வேண்டிய மென்பொருள்களும் மலையாளமும் உள்ளேயே இருந்தன. தமிழ்நாட்டிலும் விதை இல்லாமல் இல்லை. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழக அரசு நிறுவனமான எல்காட் வழியாக மாணவர்களின் விலையில்லா மடிக்கணினிகளில் ஏற்றப்பட்டு லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போனது. கணினி கைக்கு வந்த பிறகு அதைப் புதுப்பிக்கவும் பழுதானால் அதே நிலைக்கு மீட்கவும் பக்கத்துப் பள்ளியில் ஒரு சர்வர் இருந்திருந்தால், எத்தனை மாணவர்கள் கடைத்தெருவுக்குப் போய்க் காசு கொடுத்துக் கள்ள விண்டோஸ் ஏற்றாமல் இருந்திருப்பார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

செலவைச் சொல்லிப் பின்வாங்க இடமில்லை. புதிய சர்வர்கூட வேண்டாம். ஒதுக்கிவைத்த மேசைக் கணினி ஒன்றில் கூடுதல் வட்டு போட்டால் நாற்பது கணினி லேபுக்குப் போதும். குளோன்ஸில்லா, ஃபாக் போன்ற மென்பொருள்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. இல்லாதது ஆள். கணினி ஆசிரியர் பாடம் நடத்த வேண்டும், தேர்வு மதிப்பெண் ஏற்ற வேண்டும், வளாகத்தில் எந்த பிரிண்டர் மக்கர் செய்தாலும் ஓட வேண்டும். இமேஜ் தயாரிக்க வாரத்தில் ஒரு பொழுதை அவருக்கு ஒதுக்கித் தரும் நிர்வாகங்கள் அபூர்வம். கணினி வாங்கும் டெண்டரில் ஒரு பங்கு இந்த வேலைக்கும் பயிற்சிக்கும் என்று எழுதாதவரை, பென் டிரைவ் நடைதான் தொடரும்.

யாங்கோனில் மாற்றம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. புதிய கைப்பேசிகள் யூனிகோடோடு வருகின்றன. ஆனால், பத்தாண்டுக்கு மேல் ஸாஜியில் எழுதிய கடிதங்கள், செய்திகள், அலுவலகக் கோப்புகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. இரண்டு முறையும் ஒரே எண்களைப் பயன்படுத்துவதால், ஒரு வாக்கியத்தைப் பார்த்தவுடன் அது எதில் எழுதப்பட்டது என்று கணினிக்கு உறுதியாகத் தெரியாது. அதற்காகக் கூகுள் ஒரு கருவியை எழுதிப் பொதுவில் வைத்தது. ஃபேஸ்புக்கும் அதைப் பயன்படுத்தியது. வாக்கியத்தைக் கொடுத்தால், எழுத்துகள் எந்த வரிசையில் அடுத்தடுத்து வருகின்றன என்று பார்த்து, பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் ஓர் எண்ணைச் சொல்லும். ஒன்றை நெருங்கினால் ஸாஜி, பூஜ்யத்தை நெருங்கினால் யூனிகோடு. என்றோ ஒரு கடையில் ஒரு பையன் அந்தக் கணினியில் எதை ஏற்றித் தந்தான் என்பதை, இன்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் இயந்திரம் இப்படி ஊகித்துக்கொண்டிருக்கிறது.